லேபர்னம்: மூன்றில் எதை நடலாம்?

லேபர்னம் பேரினத்தில் மொத்தமே இரண்டு இனங்கள்தான். ஆனாலும் தோட்டத்துக்கு ஒன்று வாங்கப் போனால் மூன்றில் எது என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த இரண்டுக்கும் பிறந்த கலப்பினம் பெற்றோரைவிடப் பேர் வாங்கிவிட்டது. மூன்றும் இலையுதிர் மரங்கள், மூன்றிலும் மஞ்சள் பூ சரக்கொன்றை மாதிரி சரம் சரமாகத் தொங்கும். குளிர்காலம் உள்ள இடத்துக்குத்தான் சரிப்படும், தென் ஐரோப்பிய மலைப்பக்கத்து மரங்கள் அல்லவா.

முதலாவது அனாகைராய்டிஸ். இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் பட்டு மாதிரி மெல்லிய ரோமம் தட்டுப்படும், காயிலும் அப்படித்தான். முதலில் பூப்பது இதுதான். ஆனால் சரம் பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும், அப்புறம் கொத்துக் கொத்தாகக் காய் பிடிக்கும். அங்கேதான் தொல்லை: மரம் முழுக்கவே நஞ்சு, விதையில் ரொம்ப அதிகம், காயோ பார்க்கப் பட்டாணி போலவே இருக்கும். (நஞ்சின் பெயர் சைட்டிசின். புகைப்பழக்கத்தைக் கைவிட அதையே மாத்திரையாகக் கொடுப்பதும் உண்டு, அது வேறு கதை.)

அல்பைனத்தின் இலை அடியிலும் வழவழப்பு, காயின் மேல்விளிம்பு மெல்லிய தகடாக நீட்டிக்கொண்டிருக்கும். சுமார் இரண்டு வாரம் தள்ளிப் பூக்கும், சரம் 30, 40 சென்டிமீட்டர் வரை போகும், நல்ல வாசனையும் உண்டு. இதை ஏன் இவ்வளவு குறைவாக நடுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

கலப்பினத்தில் எல்லோரும் கேட்பது 'வோஸ்ஸி' ரகம். சரம் 50 சென்டிமீட்டரையும் தொடும், விதை குறைவாகவே பிடிக்கும். விதை குறைவு என்றால் நஞ்சே இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது தப்பு, இலையும் பட்டையும் அதே நஞ்சுதான். நடைபாதைக்கு மேல் வளைவாகப் படர்த்த இதை அடிக்க ஆளில்லை. வேல்ஸின் போட்னன்ட் தோட்டத்தில் 1880இல் அமைத்த 55 மீட்டர் லேபர்னம் வளைவின் படத்தைப் பார்த்தால் ஆசை வந்துவிடும்.

வளைவு என்றால் வோஸ்ஸி, தனி மரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அல்பைனம். சிறு குழந்தைகளோ மாடு, குதிரையோ நடமாடுகிற இடம் என்றால் மூன்றுமே வேண்டாம். வோஸ்ஸியை ஒட்டுக்கன்றாகத்தான் விற்பார்கள், அடிமரம் பெரும்பாலும் அனாகைராய்டிஸ். அதனால் ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிற கிளைகளை அவ்வப்போது நறுக்கிவிடுங்கள், விட்டால் அதுவே மரமாகிவிடும்.