தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அக்குபஞ்சர் மையங்கள்: பெண்களே, கவனம்

நாற்பதைத் தாண்டிய பெண்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படியுங்கள்.

மாதவிடாய் அடியோடு நிற்பதற்கு முந்தைய வருடங்கள் என்னை உலுக்கிவிட்டன. பீரியட்ஸ் ஒரு மாதம் வராது, அடுத்த மாதம் இரண்டு தடவை வரும். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. தட்டைக் கழுவாமல் வைத்ததற்காக மகனிடம் நான் கத்திய கத்தலில் பிள்ளை மிரண்டுபோனான். காரணமில்லாத அழுகை வேறு. ஹார்மோன் ஏறி இறங்கும் காலத்தில் மனசும் பாதிக்கப்படும் என்று விளக்கிய மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரையைப் பல வருடமாகவே சாப்பிட்டு வருகிறேன்.

கொஞ்சம் தேறிவந்த சமயத்தில் நாத்தனார் ஓர் அக்குபஞ்சர் மையத்துக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த பெண்மணி மூன்று விரல் வைத்து இரண்டு கையிலும் நாடி பார்த்தார். "உங்க கோபமெல்லாம் கல்லீரல்ல இருந்து வருதும்மா. மாத்திரையால கழிவு தேங்கிக் கிடக்கு. இன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திடுங்க. ரத்த டெஸ்ட், ஸ்கேன் எதுவும் வேண்டாம்" என்றார். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரே ஓர் ஊசி, அரை மணி நேரம் படுக்கை. மூன்று மாதப் பேக்கேஜ் என்று பதினெட்டாயிரம் ரூபாயை முன்கூட்டியே வாங்கினார்கள். ஜிபே வேண்டாம், கேஷாகத் தாருங்கள் என்றார்கள். ரசீது தரவில்லை.

அவர் சொன்னபடி மாத்திரைகளை நிறுத்தினேன். அந்த வாரமே தலைசுற்றல் தொடங்கியது. கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு. போன் செய்தேன். "நல்ல விஷயம்மா, கழிவு வெளியேறுது." அடுத்து கட்டி கட்டியாக ரத்தப்போக்கு. "கெட்ட ரத்தம், தடுக்காதீங்க." மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியபோதும் அவரிடம் இதே பதில்தான். கடைசியில் என் தங்கை சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ஹீமோகுளோபின் 7.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் அளவு எங்கேயோ போயிருந்தது.

அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இந்தத் தலைசுற்றலும் கரண்ட் அடிப்பதும் வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வும் கூடும், ரத்தப்போக்கும் கூடும். என் உடம்பு அபாயமணி அடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா அதற்கு 'கழிவு' என்று பெயர் வைத்திருக்கிறார். தேறினால் ஊசியால் தேறியது, மோசமானால் கழிவு போகிறது. இப்படிப் பேசுகிற இடத்தில் உயிருக்கே ஆபத்து வந்தாலும் சிகிச்சை தோற்றதாக யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. எனக்கு ஆத்திரம் இதில்தான்.

ஊசி குத்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அமைதியாகப் படுத்திருந்த அரை மணி நேரம் எனக்கும் இதமாகத்தான் இருந்தது. ஆனால் 2016-இல் ஆஸ்திரேலியாவில் 327 பெண்களிடம், இதே காலத்தில் வரும் திடீர் உடல்சூட்டுக்காக ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு நிஜ ஊசி, மீதிப்பேருக்குத் தோலைத் துளைக்காத மொட்டை ஊசி. இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது, வித்தியாசமே இல்லை. இதமாக இருக்கிறது என்று போகிறவர்கள் போகட்டும், டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே போகட்டும்.

நாற்பத்தைந்துக்கு மேல் ரத்தப்போக்கு மாறினால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எனக்குக் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. பயாப்ஸியில் பயப்பட ஒன்றுமில்லை என்று வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனசு ரொம்பக் கனத்தால், யாரிடம் பேசுவதென்று தெரியாவிட்டால், 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலிமானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பாதியில விட்டது நீங்கதானே" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது இல்லாவிட்டாலும், தைராய்டு மாத்திரையைத் தொடவே கூடாது என்று அவர் சொன்ன வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் என்னிடம் இருக்கிறது. உங்கள் போனிலும் அப்படி ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள்.