ஆம்ப்டு ஃபைவ்: மங்கிய சிசிடிவி காட்சியில் எது தெளியும், எது தெளியாது

நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கி ஒரு பட்டனைத் தட்டினால் எழுத்து பளிச்சென்று வந்துவிடும் என்று நினைத்து இதை வாங்குபவருக்கு முதல் நாளே ஏமாற்றம்தான். இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரத்து ஆம்ப்டு நிறுவனம், காவல்துறைக்கும் தடயவியல் ஆய்வகங்களுக்கும் என்றே செய்யும் மென்பொருள் ஃபைவ். கோப்புக்குள் இருப்பதை வெளியே எடுக்கும். இல்லாததைப் புதிதாக வரையாது. காசு கொடுப்பது அதற்காகத்தான்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணக்கு. நம் ஊர்க் காரின் ஒற்றை வரி நம்பர் பிளேட் 500 மி.மீ. அகலம். சிசிடிவிக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62676-4-இன் 2014 பதிப்பு, ஏற்கெனவே தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்ல மீட்டருக்கு 125 பிக்சல் கேட்டது. முன்பின் தெரியாதவர் என்றால் 250. அந்த 125 கிடைத்தாலே பிளேட்டுக்கு 62 பிக்சல்தான். பத்து எழுத்துக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு ஆறு, இடைவெளியும் சேர்த்து. ஆறு பிக்சலில் 8-க்கும் பி-க்கும் என்ன வித்தியாசம் தெரியும்? ஒரு ஃப்ரேமில் தெரியாது. பல ஃப்ரேம்களைச் சேர்த்தால் சில சமயம் தெரியும்.

ஃபைவின் பலம் இங்கேதான். பெர்ஸ்பெக்டிவ் ஸ்டெபிலைசேஷன் ஃபில்டரில் பிளேட்டின் நான்கு மூலைகளைக் குறித்தால், கார் நகர நகர அது பின்தொடர்ந்து பிளேட்டை ஒரே இடத்தில் நிறுத்தும். பாதியில் தடம் மாறினால் அந்த ஃப்ரேமில் மூலையைக் கையால் நகர்த்திக் கொடுக்க வேண்டும். பிறகு ஃப்ரேம் ஆவரேஜிங், அதாவது பல ஃப்ரேம்களைச் சராசரி எடுத்து ஒன்றாக்குவது. 16 ஃப்ரேம் சேர்த்தால் இரைச்சல் (படத்தில் தூசு போல் தெரியும் புள்ளிகள்) கால்வாசியாகும், 64 சேர்த்தால் எட்டில் ஒன்று.

ஆனால் இந்தக் கணக்கு எப்போதும் பலிக்காது. எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில், மாறாத கட்டங்கள் முந்தைய ஃப்ரேமிலிருந்து அப்படியே நகலாகின்றன. நின்றிருக்கும் காரை, குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்குக் குறைவான தகவலோடு), இரவில் எடுத்திருந்தால் உங்கள் 16 ஃப்ரேமும் உண்மையில் ஒன்றாக இருக்கலாம். நகலைச் சராசரி எடுத்து என்ன பயன்? மெதுவாக ஊர்ந்து போகும் கார்தான் நல்ல தீனி. ஒவ்வொரு ஃப்ரேமிலும் பிளேட் அரை பிக்சல், கால் பிக்சல் தள்ளி விழுவதால் புதுத் தகவல் கிடைக்கிறது.

நகர்வு மங்கலுக்கு மோஷன் டிபிளர். இழுபட்ட தூரத்துக்கும் திசைக்கும் கோடு போட வேண்டும். ஹெட்லைட் தீற்றல் இருந்தால் அதுவே அளவுகோல். இரைச்சல் அளவை ரொம்பக் குறைத்தால் எழுத்தைச் சுற்றிப் பேய்க்கோடுகள் முளைக்கும், 3 என்பது 8 ஆகிவிடும். இந்த ஃபில்டரை ஆவரேஜிங்குக்கு முன்னால் போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அது இரைச்சலையும் சேர்த்துக் கூர்மையாக்கும். டீஇன்டர்லேஸ் (வரி விட்டு வரியாகப் பதிந்த படத்தைச் சீராக்குவது), ஸ்டெபிலைஸ், ஆவரேஜ், டிபிளர், கடைசியில் பெரிதாக்கலும் வெளிச்சமும் என்ற வரிசை பெரும்பாலும் கைகொடுக்கும்.

பல கேஸ்கள் கேமராக் காட்சியைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரிலேயே கெட்டுவிடுகின்றன என்பது வேறு விஷயம். மானிட்டரைச் செல்போனில் படம் பிடித்துக் கொண்டுவந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. டிவிஆரின் சொந்த ஃபார்மெட்டிலேயே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். திரையில் தெரியும் நேரத்தையும் உண்மையான நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை மறுசுருக்கம் செய்யாமல், கோப்புக்குள் இருக்கும் வீடியோத் தகவலான ஸ்ட்ரீமை மட்டும் பெயர்த்தெடுக்க ஃபைவில் வசதி இருக்கிறது. பழைய 960×576 படம் அகலமாக இழுத்தது போல் வரும். 4:3-க்குத் திருத்தாமல் ஆளின் உயரத்தையோ உடல்வாகையோ பேசக் கூடாது.

போட்ட ஃபில்டர், வரிசை, அளவுகள் எல்லாவற்றையும் அறிக்கையாக அதுவே எழுதித் தருகிறது. அதை வைத்து இன்னொருவர் அதே முடிவுக்கு வர முடியும். 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிங் கவுண்டி நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றிய வீடியோவை ஏற்க மறுத்தது. அந்த வகை மென்பொருள் தான் கற்ற படங்களிலிருந்து பிக்சலை ஊகித்து நிரப்புகிறது; கல்யாண வீடியோவுக்குச் சரி, சாட்சிக்கு ஆகாது. இங்கே இந்தியாவின் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண், எழுத வேண்டும். கோப்பு கைக்கு வந்ததுமே எஸ்எச்ஏ-256 முறையில் அந்த ஹாஷை எடுத்துவிடுங்கள். ஃபைவ் மூலக் கோப்பைத் தொடுவதில்லை என்பதால் அந்த எண் பிறகும் பொருந்தும்.

குறை? விண்டோஸில் மட்டும் ஓடும், கற்றுக்கொள்ள வாரக் கணக்கில் ஆகும், ஒரு தனி ஆள் யோசித்துத்தான் வாங்க வேண்டிய செலவு. வருஷத்துக்கு இரண்டு கேஸ் பார்ப்பவருக்கு எஃப்எஃப்எம்பெக், இமேஜ்ஜே என்ற மென்பொருள்களே போதும். இரண்டும் இலவசம், ஸ்ட்ரீம் பெயர்ப்பும் ஃப்ரேம் சராசரியும் அவற்றிலேயே ஆகும். ஒவ்வொரு படியையும் நோட்டில் கையால் எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான். மாதாமாதம் கோர்ட் படி ஏறும் ஆய்வகம் என்றால் முதலில் டெமோ கேளுங்கள். அவர்கள் கொண்டுவரும் அழகான மாதிரி வீடியோ வேண்டாம். உங்கள் பகுதியில் அதிகம் மாட்டியிருக்கும் டிவிஆரின் மோசமான கோப்பு ஒன்றைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.