பூனைக்கு மாட்டிய ஜிபிஎஸ் பட்டை

பூனையின் கழுத்தில் மாட்டும் இந்த ஜிபிஎஸ் கருவி, திறந்த வெளியில் சில மீட்டர் பிழையுடன் இருப்பிடத்தை ஒழுங்காகவே காட்டுகிறது. வெளியே சுற்றும் பூனைக்குத் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்குள்தான் வேடிக்கை. இருப்பிடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் தேவை. அவை கூரையால் மங்கியும் சுவர்களில் பட்டுத் தெறித்தும் வருவதால், அலமாரியின் மேல் துணிக்குவியலில் உறங்கிக்கொண்டிருந்த எங்கள் பூனை அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருப்பதாகக் கைபேசி அலறியது. தெருவெங்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பிய என் கணவரை, அது கொட்டாவி விட்டபடி வரவேற்றது. உள்ளே இருக்கும் சிம் அட்டைக்கு மாதச் சந்தா தனி என்பதைப் பெட்டியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது நியாயமில்லை. பட்டை எதிலாவது சிக்கி இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி, பூனையின் உயிருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் கழன்ற பிறகு, கருவி வேலியோரப் புதரைத்தான் விசுவாசமாகக் கண்காணிக்கிறது.