2,850 பிராங்க், ஒரு கயிறு, இரண்டு ஏமாளிகள்: மேட்டர்ஹார்ன் போக இருப்பவர்கள் வாசிக்கவும்

நேற்றிரவும் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் நான். போன வாரம் சுவிஸில் மேட்டர்ஹார்ன் மலை ஏறப் போய், 2,850 பிராங்க்கைத் தொலைத்துவிட்டு, உச்சிக்கு எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் கீழேயே திரும்பி வந்திருக்கிறேன். எதையெல்லாம் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

யாரிடம் ஏமாந்தேன் என்று பெயர் சொல்லப் போவதில்லை. வழக்கு கிழக்கு என்று அலைய எனக்குத் தெம்பில்லை. மலையேற்றப் பயணங்களை இணையத்தில் விற்கும் ஒரு தளம், அவ்வளவுதான். சொந்தமாக ஒரு வழிகாட்டியும் கிடையாது, ஒரு கயிறும் கிடையாது. நம்மிடம் காசு வாங்கி, யாரையாவது பிடித்து அனுப்புவதுதான் தொழில். இது எனக்கு இப்போது தெரிகிறது. ஏப்ரலில் தெரியவில்லை.

ஏப்ரலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மலையைப் பற்றித்தான். மேட்டர்ஹார்ன் 4,478 மீட்டர். மலையடியில் இருக்கும் செர்மாட் ஊர்ப் பக்கமிருந்து ஏறும் வழக்கமான பாதை ஹோர்ன்லி முகடு. முகட்டின் அடியில் 3,260 மீட்டரில் ஹோர்ன்லி குடில், அங்கே இரவு தங்கி விடியுமுன் புறப்பட வேண்டும். பாதி வழிக்கு மேல், 4,003 மீட்டரில் சோல்வே குடில். அது ஆபத்துக்கு ஒதுங்க மட்டும். இரண்டு பக்கமும் சரிவு, காலடியில் உதிர்ந்த கல், ஏறிய அளவு நேரம் இறங்கவும் ஆகும். இதற்காக இரண்டு வருடம் பாறை ஏறிப் பழகினேன். வார இறுதிகளில் வீட்டில் என்னைப் பார்த்தவர்கள் குறைவு.

சரி, நம்பிய கதைக்கு வருகிறேன். தளத்தில் மூன்று நாள் திட்டம் ஒன்று இருந்தது. முதல் நாள் செர்மாட்டுக்கு மேலே ரிஃபல்ஹோர்ன் என்ற பாறை மலையில் பயிற்சி, இரண்டாம் நாள் குடில், மூன்றாம் நாள் சிகரம். "உங்களுக்கென்று தனி வழிகாட்டி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மொத்தம் 2,850 பிராங்க், முழுவதும் முன்பணம். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார்களே என்று தயங்கி, அவர்களுடைய எண்ணுக்கு அழைத்தேன். ஆங்கிலத்தில் எடுத்தவர் என் பெயரைக் கேட்டதும் ஒரு நொடி நிறுத்தினார்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

அங்கேதான் விழுந்தேன். அரை மணி நேரம் பேசினோம். எந்தச் சப்பாத்து, அதன் அடியில் கிராம்பான் என்கிற பனி முள் பொருந்துமா, முழங்காலில் பழைய வலி ஏதும் உண்டா என்றெல்லாம் கேட்டார். சோல்வே குடிலுக்கு நேரத்தோடு போய்ச் சேராவிட்டால் வழிகாட்டி திருப்பிக் கூட்டி வந்துவிடுவார், கோபிக்கக் கூடாது என்று எனக்கே புத்தி சொன்னார். பணம் கட்டத் தயங்கி இழுத்தபோது, "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை, உங்கட குடில் படுக்கை முதல் எல்லாம் நான் பாத்துத் தாறன்" என்றார். எங்கட ஆள்தானே என்று நினைத்தேன். ஃபோனை வைத்த பத்தாவது நிமிடம் கார்டு எண்ணைத் தட்டினேன். அந்தத் தம்பி பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா என்பது இன்றுவரை புரியவில்லை. அவரும் சம்பளத்துக்கு இருக்கிறவர்தான்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு, செர்மாட் நிலைய வாசலில் கயிறும் ஹெல்மெட்டுமாக நிற்கிறேன். குறுஞ்செய்தி வருகிறது: வழிகாட்டி தாமதம், இன்று உயரத்துக்குப் பழகுவதற்காகத் தனியே நடந்து வரவும். தனியே நடக்கவா 2,850 பிராங்க்? அப்போதே ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கொஞ்சம் நடந்துவிட்டு, மத்தியானம் ஊரின் மேட்டர்ஹார்ன் அருங்காட்சியகத்துக்குள் போனேன்.

1865 ஜூலை 14 அன்று முதன்முதலாக உச்சி தொட்ட ஏழு பேரின் கயிற்றுத் துண்டு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. இறங்கும்போது 19 வயது ஹாடோ வழுக்கி, முன்னால் நின்ற வழிகாட்டி குரோவின் மேல் விழுந்தார். அந்த இழுப்பில் அதே கயிற்றில் இருந்த ஹட்ஸனும் டக்ளஸும் போனார்கள். டக்ளஸுக்கும் இன்னொரு வழிகாட்டியான மூத்த டௌக்வால்டருக்கும் நடுவில் கயிறு அறுந்தது. நாலு பேர் வடக்கு முகத்தில் கீழே போனார்கள். மேலே இருந்த விம்பரும் டௌக்வால்டர் அப்பாவும் மகனும் பிழைத்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை. கயிறு அவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வீட்டில் துணி காயப்போடுகிற கொடிபோல.

இரண்டாம் நாள் கேபிள் காரில் ஷ்வார்ட்ஸே நிலையம் வரை, அங்கிருந்து ஹோர்ன்லி குடிலுக்கு இரண்டு மணி நேர ஏற்றம். குடிலில் பொறுப்பாளர் பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவினார், திருப்பி ஒருமுறை தடவினார். என் பெயர் இல்லை. வவுச்சரைக் காட்டினேன். இது எங்களுக்கு வரவில்லையே என்றார், பாவம், அவர் என்ன செய்வார். யாரோ வராமல் போன ஒரு படுக்கையைக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு கட்டினேன்.

சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வழிகாட்டி வந்தார். தளத்தில் படம் போட்டிருந்த ஆள் இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லையாம். கூடவே இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன். "இவர் யார்?" என்றேன். "உங்களோடு வருபவர்" என்றார். பையனின் முகம் போன போக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவனும் தனி வழிகாட்டி என்றுதான் கட்டியிருக்கிறான்.

மலை ஏறாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹோர்ன்லி முகட்டில் ஒரு வழிகாட்டி ஒரே ஒருவரைத்தான் கூட்டிப் போவார். இது ஆடம்பரம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் இருவரும் ஒரே நேரத்தில் நகர்கிறோம். இடையில் சில மீட்டர் கயிறு, மிச்சம் சுருள் சுருளாக வழிகாட்டியின் கையில். நாம் சறுக்கிய கணத்திலேயே அவர் இறுக்கிப் பிடித்துவிடுவார். ஒருவர் எடையை அப்படிப் பிடிக்கலாம். இருவரும் சேர்ந்து இழுத்தால் அவரும் வருவார்.

சர்வதேச மலை வழிகாட்டிச் சங்கத்தின் பேட்ஜைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். வேறு ஜாக்கெட்டில் இருக்கிறதாம்.

இதற்குப் பிறகும் ஏன் போனாய் என்று என் மனைவி கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். இரண்டு வருடப் பயிற்சி, கெஞ்சி வாங்கிய விடுமுறை, கட்டிய 2,850 பிராங்க், எல்லாமாகச் சேர்ந்து வாயை அடைத்துவிட்டன. குடில் ஜன்னலில் வேறு அந்த மலை நிற்கிறது.

நாலு மணிக்குப் புறப்பாடு. குடிலைத் தாண்டியதும் முதல் பாறையில் தடித்த கயிறு தொங்குகிறது, அங்கேயே வரிசை. உள்ளூர் வழிகாட்டிகள் தங்கள் ஆட்களோடு முதலில் போனார்கள். நாங்கள் கடைசி. அரை மணி நேரத்தில் முன்னால் போன விளக்குகள் மறைந்தன. எங்கள் ஆள் இடப்பக்கம், கிழக்கு முகத்துக்குள் போய்க்கொண்டே இருந்தார். காலை வைத்த இடமெல்லாம் கல் நகர்ந்தது. கீழ்ப்பகுதியில் எல்லோரும் வழி தவறுகிற இடம் இதுதான் என்று நானே பத்துத் தடவை படித்திருக்கிறேன். சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார்.

என் தலைவிளக்கு வெளிச்சத்தில் கயிற்றைப் பார்த்தேன். அவர் கையில் சுருளே இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் கயிறு தொய்ந்து, பாறைமேல் பாம்புபோல் இழுபட்டுப் போகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தொய்வு சோற்றுத் தட்டு அளவு கல் ஒன்றில் மாட்டி, இழுத்து, விட்டது. "கல்!" என்று கத்தினேன். கீழே இருந்த பையன் பாறையோடு ஒட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. டொக், டொக் என்று இரண்டு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

விடிந்தபோது ஏறக்குறைய 3,600 மீட்டரில் உட்கார்ந்திருந்தோம். வலப்பக்கம் எங்களுக்கு வெகு மேலே, முகட்டின் விளிம்பில் ஆட்கள் எறும்புபோல் போகிறார்கள். வானத்தில் ஒரு பஞ்சு மேகம் இல்லை. இறங்கலாம் என்றேன். பையனும் தலையாட்டினான். அப்போது அந்த மனிதர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஃபோனை எடுத்து, "நீங்களாகத்தான் திரும்புகிறீர்கள், இல்லையா? இதில் எழுதிவிடுங்கள்" என்று நீட்டினார். கை நடுங்க எழுதிக் கொடுத்தேன். இறங்க வேண்டுமே, கயிற்றின் மறுமுனை அவரிடம்தானே இருக்கிறது. குடிலுக்கு வந்ததும் 7.40க்குச் சிகரத்தைப் படம் எடுத்தேன். அது மட்டும்தான் அன்று உருப்படியாகச் செய்த காரியம்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் மின்னஞ்சலுக்கு, "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று பதில். இரண்டாவதற்கு, வாடிக்கையாளரே திரும்ப முடிவு செய்ததால் ரீஃபண்ட் இல்லை, எழுத்துபூர்வமான ஆதாரம் உள்ளது. அதாவது நான் பாறையில் உட்கார்ந்து தட்டியது. தனி வழிகாட்டி எங்கே, குடில் படுக்கை எங்கே, முதல் நாள் பயிற்சி எங்கே என்று கேட்டால், மூன்றாவது பதில் வானிலையாம்! வானிலைக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். 7.40 படத்தை அனுப்பினேன். நான்காவது பதில்: நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, வழிகாட்டியிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர் எண்ணைக் கேட்டால் தனியுரிமைக் காரணமாகத் தர முடியாது.

ஏப்ரலில் பேசிய எண்ணுக்கு அழைத்தேன். அதே குரல். அண்ணை என்று ஆரம்பிப்பார் என்றுதான் நானும் காத்திருந்தேன். "டியர் கஸ்டமர்" என்றார், முழுக்க ஆங்கிலத்தில். கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறது, இரண்டு வேலை நாள். அந்த இரண்டு நாளும் போய், நேற்று வந்தது மேலிடத்தின் தீர்ப்பு. 2,850 பிராங்க்குக்குப் பதிலாக, அடுத்த பயணத்துக்கு 150 பிராங்க் கூப்பன். இந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டுமாம்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை ஓய்ந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். வழிகாட்டியை அந்த ஊர் வழிகாட்டி அலுவலகத்திலேயே நேராகப் பிடியுங்கள். வருபவரின் பெயரை எழுத்தில் வாங்குங்கள், அவருடைய அட்டை இந்த வருடத்துக்குச் செல்லுமா என்று பாருங்கள். சுவிஸில் காசு வாங்கி இப்படிக் கூட்டிப்போக அரசு அனுமதி வேண்டும், 2014 முதல் சட்டம் அது. குடிலுக்கு நீங்களே ஒரு ஃபோன் போட்டு உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டு நிமிட வேலை. மலைமேல் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். யாராவது அண்ணை என்றால்... சரி, விடுங்கள்.

அந்தப் பையன் நேற்றிரவு அழைத்தான். அவன் கட்டியது என்னைவிட 200 பிராங்க் அதிகம். கிரெடிட் கார்டு நிறுவனம் ஆட்சேபப் படிவம் அனுப்பியிருக்கிறது, நாலு பக்கம். "பெறப்படாத சேவையை விவரிக்கவும்" என்று மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து இன்று உட்கார்ந்து நிரப்பப் போகிறோம்.