ஆங்கிலம் கொடுத்துச் சீனம் வாங்குவது: மன்னார்குடியிலிருந்து ஓர் அனுபவம்

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகிய சீனம், ஊர் திரும்பியதும் மெல்ல மறக்க ஆரம்பித்தது. மன்னார்குடியில் மாண்டரின், அதாவது சீனாவின் பொதுமொழியான சீனம், சொல்லித்தர யாரையும் எனக்குத் தெரியாது. அப்படித்தான் மொழிப் பரிமாற்றச் செயலிக்கு வந்தேன். நான் ஆங்கிலம் பேசப் பழக்க வேண்டும், எதிர்முனையில் இருப்பவர் சீனம் பழக்க வேண்டும், காசு கிடையாது. சில வருஷங்களாக விடாமல் பயன்படுத்துகிறேன். செயலியைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. மனஸ்தாபமெல்லாம் பாடம் தொடங்குவதற்கு முன்பே, எங்கே, எப்போது, எப்படிப் பேசுவது என்று ஏற்பாடு செய்யும்போதுதான் வருகிறது.

நாலு நாள் எழுத்தில் பேசிவிட்டு, "வீசாட்டுக்கு வாங்களேன்" என்பார்கள். வீசாட் என்பது சீனர்களின் அரட்டைச் செயலி. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. சரி, வாட்ஸ்அப் இருக்கிறதா என்று நாம் கேட்டால் அங்கே அது முடக்கம். கூகுள் மீட்டும் அப்படியே. இரண்டு பக்கத் தடையும் பலருக்குத் தெரியாது. காரணம் சொல்லாமல் "முடியாது" என்று மட்டும் சொன்னால், எண்ணைக் கொடுக்க மனசில்லாதவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச காலம் ஸ்கைப் கைகொடுத்தது. அதையும் 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். இப்போது டீம்ஸ், இல்லாவிட்டால் செயலிக்குள்ளேயே இருக்கும் அழைப்பு.

நேரம் அடுத்த தலைவலி. சீனா முழுவதற்கும் ஒரே நேரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரவு எட்டரைக்கு வேலை முடித்து உட்காரலாம் என்றால் அங்கே பதினொன்று. காலை பத்தரை என்றால் அங்கே மதியம் ஒன்று, சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித்தூக்கம் போடும் நேரம். எனக்குப் பொருந்தியது மாலை ஆறரை. ஒரே ஒருமுறை சின்ஜியாங் பக்கத்து ஆள் கிடைத்தார். மேற்குக் கோடியில் இருப்பதால் அங்கே சூரியனும் தாமதம், சாப்பாடும் தாமதம். கடிகாரம் ஒன்பது காட்டும்போதுதான் அவர் வேலையிலிருந்து கிளம்புவார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவுதானே என்று நினைக்கக் கூடாது. அக்டோபர் 1 தேசிய நாள், சீனப் புத்தாண்டு போன்ற நீண்ட விடுமுறைகளுக்கு ஈடாக, முன்போ பின்போ வரும் சனி, ஞாயிறு சிலவற்றை அரசே வேலைநாளாக்கிவிடும். ஞாயிறு மாலை நான் காத்திருக்க, அவர் அலுவலகத்தில் இருப்பார். நம் பொங்கலும் அவர்கள் காலண்டரில் இல்லை. முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஓடிப்போனவன் கணக்கில் நம்மைச் சேர்த்துவிடுவார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அந்த இரண்டு மாதமும் அழைப்பே வைப்பதில்லை, குரல் பதிவு மட்டும்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய குழப்பம், யார் எதை எதிர்பார்த்து வருகிறார் என்பது. இந்தியா என்று பார்த்ததும் அமெரிக்க உச்சரிப்பு வேண்டுமே என்று நழுவுகிறவர்கள் உண்டு. ஆங்கிலம்தான் என் தாய்மொழி என்று நினைத்து வந்து, பிறகு முகம் சுளிப்பவர்களும் உண்டு. 'தாய்மொழி தமிழ், ஆங்கிலம் படிப்பிலும் வேலையிலும் பழகியது' என்று முதல் செய்தியிலேயே போட்டுவிடுகிறேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள், போகட்டும். நம் பக்கமும் தெளிவு வேண்டும். சீனம் என்று மட்டும் சொன்னால் ஹாங்காங்காரர் அங்கே பேசும் வேறு வகைச் சீனமான கான்டனீஸ் சொல்லித்தரத் தயாராக வருவார். தைவான்காரர் மாண்டரின்தான் பேசுவார், ஆனால் எழுதுவது பழைய எழுத்து. எனக்கு வேண்டியது சிங்கப்பூரிலும் புழங்கும் எளிதாக்கிய எழுத்து.

பாதி பாதி என்று ஒப்புக்கொண்டாலும், இருவரில் யாருக்கு எந்த மொழி நன்றாக வருகிறதோ அந்தப் பக்கம் பேச்சு சரிந்துவிடும். எங்கள் விஷயத்தில் எப்போதும் ஆங்கிலம். போனில் அரை மணி அலாரம் வைத்த பிறகுதான் சீனத்துக்கு அதன் பங்கு கிடைத்தது. அப்புறம், திருத்தம். மரியாதைக்காக எல்லாவற்றையும் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்வார்கள். நான் வார்த்தைக்கு வார்த்தை பாராட்டு கேட்க வரவில்லையே! தவறுகளைக் குறித்துவைத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் அனுப்பச் சொன்னதும் நிலைமை மாறியது. பேச்சை நடுவில் வெட்டவும் தேவையில்லை, யாருக்கும் சங்கடமும் இல்லை.

நீண்ட நாள் நிலைத்தவர், சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் சுவான்சோ ஊர்க்காரர். தமிழ் என்றால் இந்தியின் ஒரு வகை என்றுதான் நினைத்திருந்தார். அவர் ஊரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுச் சிவன்கோயில் கல்வெட்டில் இருப்பது தமிழ் என்றதும், கோயில் தூண் சிற்பங்கள் இருக்கும் கையுவான் கோயிலுக்கே போய்ப் படம் எடுத்து அனுப்பினார். பதிலுக்கு நாகப்பட்டினத்தில் 1867 வரை நின்ற சீனக் கோபுரத்தைப் பற்றிச் சொன்னேன். என்ன பேசுவது என்று முழித்த மாலைகள் அதோடு முடிந்தன. பொழுதுபோக்கு என்ன, பிடித்த நிறம் என்ன என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிரிப்டோ, தங்க முதலீடு என்று பேச்சைத் திருப்புகிறவர்களை உடனே தடைசெய்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறவர்கள் வேறு ரகம். உழைப்பார்கள், நேரத்துக்கு வருவார்கள், தேர்வு முடிந்த மறுநாள் காணாமல் போவார்கள். அதனால் இப்போதெல்லாம் முதல் வாரத்திலேயே தேர்வுத் தேதியைக் கேட்டுவைத்துக்கொண்டு, அது நெருங்கும்போதே அடுத்த ஆளைத் தேட ஆரம்பித்துவிடுகிறேன்.