மணிக்கட்டு நாடிக்கு எது: பி.வி.டி.எஃப். படலமா, உராய்வு மின் சென்சாரா?

இரண்டும் அசைவிலிருந்து தாமே மின்சாரம் உண்டாக்குபவை: பி.வி.டி.எஃப். அழுத்தினாலோ வளைத்தாலோ மின்னூட்டம் தரும் பிளாஸ்டிக் படலம், உராய்வு மின் சென்சாரில் இரு பொருள்கள் தொட்டு விலகும்போது மின்னூட்டம் வரும். அப்படியானால் பேட்டரியே வேண்டாமே என்று தோன்றலாம். முதலில் அதற்கு ஒரு கணக்கு. மணிக்கட்டில் ஒட்டும் பி.வி.டி.எஃப். துண்டின் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) சுமார் 1 நானோஃபாரட். துடிப்புக்கு 1 வோல்ட் தருவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம், கிடைப்பது 0.5 நானோஜூல். புளூடூத்தில் ஒரு தகவல் அனுப்ப 40 மைக்ரோஜூல் ஆகுமென்றால், 80,000 துடிப்புகள் சேர வேண்டும். கிட்டத்தட்ட நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரே ஒரு தகவல்தான், அதுவும் கசிவே இல்லாவிட்டால்! சென்சார் சிக்னலைத் தானே உண்டாக்கும். ஆம்ப்ளிஃபயரும் ரேடியோவும் பேட்டரியில்தான் ஓடும். அதனால் எது அதிக வோல்ட் தருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. அலையின் வடிவம் கெடாமல் வருகிறதா என்பதே கேள்வி.

இதில் பி.வி.டி.எஃப். முந்துகிறது. இந்தப் பாலிமரின் பீசோ குணத்தை, அதாவது அழுத்தத்துக்கு மின்னூட்டம் தரும் தன்மையை, 1969-ல் ஹெய்ஜி கவாய் வெளியிட்டார். 28 மைக்ரான் படலத்தில் சதுர செ.மீ.க்கு 380 பிகோஃபாரட் கிடைக்கும், 1×3 செ.மீ. துண்டு நாடிக்குப் போதும். பலருக்கும் சறுக்குவது இதை இணைக்கும் இடத்தில்தான். அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில், அதன் உள்ளீட்டுத் தடை 1 மெகாஓமாக இருக்க, நேராக மாட்டினால் சுமார் 140 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். நாடியின் சாரமோ 10 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. திரையில் தெரிவது நாடியல்ல, அதன் சரிவு மாற்றம். உள்ளீட்டுத் தடையாக 1 கிகாஓம் போட்டால் எல்லை 0.14 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆனால் அதோடு பழைய 741 ஆம்ப்ளிஃபயர் சிப்பைச் சேர்க்காதீர்கள்: அதன் 80 நானோஆம்பியர் உள்ளீட்டு மின்னோட்டம் 1 கிகாஓமில் 80 வோல்ட் கேட்கும், வெளியீடு சப்ளையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளீட்டு மின்னோட்டம் மிகமிகக் குறைவான, எல்.எம்.சி.6482 போன்ற சிமாஸ் வகை ஆம்ப்ளிஃபயர் வேண்டும். போர்டில் ஃபிளக்ஸ் (சால்டர் பசை), விரல் பிசுக்கு இருந்தால் அதன் வழியே மின்னோட்டம் கசியும், அந்த 1 கிகாஓம் பெயரளவில்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள்.

படலத்தில் சால்டர் வைக்கக் கூடாது. 80 டிகிரியைத் தாண்டினாலே பீசோ குணம் குறையத் தொடங்கும். கடத்தும் பசையுள்ள செப்பு டேப் நல்லது. கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரத்தில் இருபக்க உலோகப் பூச்சும் தொட்டுக்கொள்ளலாம். கூர்மையான பிளேடால் வெட்டி, மல்டிமீட்டரில் ஷார்ட் பாருங்கள். வெப்பத்துக்கும் மின்னூட்டம் தரும் பொருள் இது. ஒட்டியவுடன் கோடு ஏறி இறங்கும், தோல் சூட்டுக்குப் பழகும்வரை பொறுக்க வேண்டும்.

உராய்வு மின் வகையை 2012-ல் ஜார்ஜியா டெக்கில் ஜோங் லின் வாங் குழு அறிமுகப்படுத்தியது. டெஃப்லான் படலம் ஒருபுறம், நைலான் துணி மறுபுறம், நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி: வீட்டிலேயே செய்யலாம், மலிவு. பத்துக்கணக்கான வோல்ட் வரும். ஆனால் 4 சதுர செ.மீ. துண்டு விலகிநிற்கும்போது அதன் மின்தேக்கம் 10 பிகோஃபாரட்டைக்கூட எட்டாது. ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளே சுமார் 100 பிகோஃபாரட். சிக்னலை அதுவே தின்றுவிடும். ஆம்ப்ளிஃபயரை சென்சாருக்கு ஒட்டியே வைக்க வேண்டும். வியர்வை பட்டால் மின்னூட்டம் கசிந்துவிடும். சிலிகானில் மூடினால் நீர் நிற்கும், நீராவி நிற்காது. அலையின் இன்றைய உயரமும் நாளைய உயரமும் ஒப்பிடத் தகாதவை.

ஆகவே நாடி அலையின் வடிவம் வேண்டுமா, பி.வி.டி.எஃப். மார்புப் பட்டையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சை எண்ணினால் போதுமா, அசைவு பெரிது, உராய்வு மின்னே தாராளம். உயரம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது.

பேட்டரிக்குப் பதில் உடல் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் மூன்றாம் வழியும் உண்டு; 1998-லேயே செய்கோ தெர்மிக் கைக்கடிகாரம் அப்படி ஓடியது. தோல் சுமார் 34 டிகிரி, மே மாதச் சென்னைத் தெருவோ 38. வெப்ப ஓட்டம் எதிர்த்திசைக்குத் திரும்பும். இடையில் இரண்டும் சமமாகும் நேரத்தில் ஒன்றும் கிடைக்காது. அதைவிட பேட்டரியே மேல்: சி.ஆர்.2032 நாணய பேட்டரி ஒன்றிலேயே 2,000 ஜூலுக்கு மேல் இருக்கிறது.