மின் உலையா, கேஸ் அடுப்பா? காரீயம் உருக்குமுன் பார்க்க வேண்டியவை

காரீயம் (இனி சுருக்கமாக ஈயம்) 327.5 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; அச்சில் ஊற்ற 370 முதல் 400 டிகிரி போதும். எல்லோரும் புகைக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் இந்தச் சூட்டில் ஆவியாகிற ஈயம் மிகக் குறைவு. உடம்புக்குள் போவது பெரும்பாலும் உருகிய ஈயத்தின் மேலே படியும் கசட்டுத் தூள், அதுவும் விரல் வழியாக வாய்க்கு. ஆகவே சூட்டையும் தூளையும் எது அடக்குகிறதோ அதுவே நல்ல சாதனம்.

அந்தக் கணக்கில் மின் உலைக்கே எங்கள் ஓட்டு. வெப்பக் கட்டுப்பாடு இருப்பதால் சூடு எல்லை தாண்டாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. உருக்க எடுக்கும் பழைய சக்கர எடைக்கட்டிகளில் (வண்டிச் சக்கரத்தைச் சமன்படுத்தப் பொருத்தும் சிறு கட்டிகள்) துத்தநாகத் துண்டுகள் கலந்திருக்கலாம். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே நிறுத்தினால் துண்டுகள் மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். கேஸ் அடுப்பில் சூடு ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. துத்தநாகம் கரைந்துவிட்டால் உலோகம் கூழாகி அச்சை நிரப்பாது.

கேஸ் அடுப்பு நிறைய பழைய ஈயத்தை ஒரே மூச்சில் உருக்க உதவும், திறந்தவெளியில் மட்டும். ஒரு லிட்டர் ஈயம் 11 கிலோவுக்கு மேல் கனக்கும், தாங்கி அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பாத்திரம் வார்ப்பிரும்பாக இருக்கட்டும். அலுமினியம் வேண்டவே வேண்டாம், சூட்டில் வலுவிழந்து அடி விட்டுவிடும். தீயைச் சிறிதாகத் தொடங்குங்கள். மேலே கட்டியாக இருக்க அடியில் உருகினால் ஈயம் பீறிட்டு வரும்.

ஊற்றுவதில், அடியில் ஊற்றுக்குழாய் உள்ள உலை கசட்டை மேலேயே விட்டுவிடும், ஆனால் அழுக்கு அடைத்தால் சொட்டும். கரண்டி பெரிய வார்ப்புகளுக்கு வசதி. அதைப் பாத்திர விளிம்பில் சூடேற்றிய பிறகே முக்க வேண்டும். கரண்டியில் ஒட்டிய ஒரு சொட்டு நீர் உள்ளே போனால் நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து ஈயத்தை முகத்துக்கு வீசும். புதிதாகச் சேர்க்கும் துண்டுகளுக்கும் இதே விதி. பிளாஸ்டர் அச்சைவிட உலோக அச்சை நம்பலாம். பிளாஸ்டர் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும்.

துணி முகமூடி தூளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டும் பி100 (நுண்தூளையும் பிடிக்கும் வகை) வடிகட்டி முகமூடி தடுக்கும், தாடி இருந்தால் அதுவும் கசியும். முகம் முழுவதையும் மறைக்கும் தெளிவான தடுப்பு, தோல் கையுறை, மூடிய காலணி கட்டாயம். மின்விசிறியை உலையின் மேல் திருப்பாதீர்கள், தூள் பறக்கும். துடைப்பமும் அதையேதான் செய்யும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கசட்டையும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது. சமையலறையில் உருக்கக் கூடாது, உருக்கிய பாத்திரம் சமையலுக்குத் திரும்பவும் கூடாது. போட்ட உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள்.